ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்ட நினைவுகளைச் சேகரித்தல்: யாழ்ப்பாணத்து ரசிகர்களுக்கு ஒரு செய்முறை

நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், ஊரெழு றோயல், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், மயிலங்காடு ஞானமுருகன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழகப் பெயர்களைச் சொன்னாலே கடற்கரையும் தேவாலயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் கூடவே வந்துவிடும். ஆனால் பல ஊர்க் கழகங்களிடம் 1995 க்கு முந்திய கூட்ட அறிக்கைப் புத்தகமோ அணிப்படமோ இன்று இல்லை. குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் போரால் 1990 இலேயே ஊர்கள் வெறுமையாகின. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கையில் குழந்தையும் உடுப்புப் பையும்தான் இருந்தன. கிண்ணத்தைக் காவிக்கொண்டு போக யாருக்கும் கை இருக்கவில்லை. திரும்பி வந்தபோது கழகக் கட்டடத்துக்குக் கூரை இல்லை, அலுமாரி இல்லை.

மிஞ்சியது இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஊரில் இன்னும் இருக்கும் முதியவர்களின் நினைவு. மற்றது, கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டன் ஹரோவிலும் பாரிஸிலும் வீட்டு அல்பங்களுக்குள் போயிருக்கும் படங்கள். போட்டியின் முடிவைப் பழைய பத்திரிகையில் தேடிப் பிடிக்கலாம். எந்த மூலையில் பள்ளம் இருந்தது, மழை பெய்தால் எந்தப் பக்கம் பந்து ஓடாது, எதிரணி ஆட்கள் எந்தப் பூவரசின் கீழ் சைக்கிளைச் சாத்தினார்கள் என்பதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்த ரசிகர்தான் சொல்லவேண்டும். அதனால்தான் இந்தச் செய்முறை நிர்வாகிகளையும் வீரர்களையும் விட ரசிகர்களை முன்னே வைக்கிறது.

யாரிடம் முதலில் போவது

வயதுதான் வரிசை. 75 வயதைத் தாண்டியவர்களை முதல் மாதத்திலேயே பார்த்து முடியுங்கள். நன்றாகப் பேசக்கூடிய 50 வயதுக்காரர் அடுத்த வருடமும் இருப்பார் என்று நம்பலாம். மூத்தவர்கள் விடயத்தில் அந்த நம்பிக்கை வைக்கக்கூடாது. வயதுபோனவர்களில் பலருக்குக் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் நினைவு தெளிவாக இருக்கும், குரலும் களைத்திருக்காது.

பெயர்ப்பட்டியல் போடும்போது புகழ்பெற்ற முன்கள வீரரின் பெயர்தான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். அவரை விட்டுவிட வேண்டாம், ஆனால் அவர் தன் கோல்களை ஏற்கனவே நூறுதரம் சொல்லியிருப்பார். கதை இறுகிப் போயிருக்கும். புதிதாகக் கிடைப்பது வேறு ஆட்களிடம்: மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர், ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர், பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருந்தவர், பந்து விழுந்தால் எடுத்துக் கொடுத்த வளவின் வீட்டுக்காரி, அணியை உழவு இயந்திரத்திலோ லொறியிலோ ஏற்றிப் போனவர், சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசித்துக் காட்டியவர். பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். மதிலுக்கு உள்ளே நின்று பார்த்த தலைமுறை அது. வீட்டில் ஜேர்சி தோய்த்ததும் அவர்கள்தான், எந்த வருடம் என்ன நிறம் என்று கணவரை விடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

எதிர்க்கழகத்து ரசிகர் இருவரையாவது பட்டியலில் சேருங்கள். உங்கள் ஊர் மறக்க விரும்பிய தோல்வியை அவர்கள் நாள், நேரத்தோடு வைத்திருப்பார்கள்.

போகமுன் செய்யவேண்டியது

வெறும் கையோடு போய் "பழைய கதையைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் "அந்தக் காலம் பொற்காலம்" என்பதோடு முடிந்துவிடும். மூன்று பொருட்கள் கையில் இருக்கட்டும்.

முதலாவது, ஏ4 தாளில் மைதானத்தின் வெறும் செவ்வகம். இரண்டு கோல் கம்பங்கள் மட்டும் போட்டு, மற்றதை வெறுமையாக விடுங்கள். பென்சிலைக் கொடுத்துக் கிணறு எங்கே, கோயில் எங்கே, பனை எங்கே, பெண்கள் நின்ற இடம் எங்கே, சண்டை தொடங்கும் மூலை எங்கே என்று குறிக்கச் சொல்லுங்கள். கை வரையத் தொடங்கினால் பேச்சு தானாக வரும். ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் வரைய வேண்டும். ஏற்கனவே ஒருவர் வரைந்ததைக் காட்டினால் அடுத்தவர் அதையே ஒப்புக்கொள்வார்.

இரண்டாவது, ஒரு பழைய அணிப்படத்தின் பெரிய பிரதி. முகங்கள் 2 சென்ரிமீற்றராவது இருக்கட்டும்.

மூன்றாவது, கீழே வரும் காலக்குறிப்புப் பட்டியல். அதை அவரிடம் காட்ட வேண்டியதில்லை, உங்கள் பையில் இருந்தால் போதும்.

பதிவு செய்தல்

விலை கூடிய ஒலிவாங்கி தேவையில்லை. கைத்தொலைபேசியை அழைப்பு வராத விமான நிலைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றி, பேசுபவரின் நெஞ்சுக்கு நேரே 30 முதல் 50 சென்ரிமீற்றர் தூரத்தில், மடித்த துவாய் ஒன்றின்மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம் இடியாக விழும். மின்விசிறியை நிற்பாட்டுங்கள். சீமெந்துச் சுவர் நான்கும் வெறுமையாக உள்ள அறையில் எதிரொலி வரும். திரைச்சீலையோ கட்டிலோ உள்ள அறை நல்லது. முற்றத்து மரநிழல் அழகுதான், ஆனால் காற்று ஒலிவாங்கியில் பட்டால் பதிவு பாழ்.

பதிவுச் செயலியில் வேவ் (WAV) வடிவமும் 48 கிலோஹேர்ட்ஸும் தெரிவு செய்தால், ஒற்றைத் தடப் பதிவு மணிக்குச் சுமார் 350 மெகாபைற் பிடிக்கும். தொலைபேசியில் 2 கிகாபைற் வெற்றிடம் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். தொடங்கியதும் உங்கள் குரலில் திகதி, இடம், பேசுபவரின் பெயர், பிறந்த ஆண்டு, எந்தக் கழகத்தின் ரசிகர் என்பவற்றைச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் தவறிப்போனாலும் குரல் அடையாளம் சொல்லும். 60 நிமிடத்தோடு நிறுத்தி, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். இரண்டாம் சந்திப்பு பல தடவை முதலாவதை விட வளமாக இருக்கும். இடையில் அவர் இரவிலே படுத்திருந்து யோசித்திருப்பார்.

கேள்விகள் சின்னதாக, உடம்போடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஊர்ப் பேச்சிலேயே கேளுங்கள்:

"மச் பாக்க ஆரோடை போனனீங்கள் ஐயா? சைக்கிளோ, நடையோ?"
"எந்தப் பக்கம் நிண்டு பாக்கிறனீங்கள்? ஏன் அந்தப் பக்கம்?"
"பந்து கிழிஞ்சால் ஆர் தைக்கிறது? காசு ஆர் குடுக்கிறது?"
"தோத்திட்டு வரேக்கை எந்த ரோட்டாலை வந்தனீங்கள்?"
"அம்மா, அவை வெண்டு வந்தால் அண்டைக்கு வீட்டிலை என்ன சமைக்கிறது?"

"1986 இறுதியாட்டத்தில் நாங்கள் வென்றது நினைவிருக்கா?" என்பது கூடாத கேள்வி. விடையை நீங்களே ஊட்டிவிட்டீர்கள். மரியாதைக்காக "ஓம்" என்பார், அந்த ஓமை நீங்கள் சான்றாக எழுதிவிடுவீர்கள். "நீங்கள் பாத்த இறுதியாட்டம் ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். ஐந்து, ஆறு வினாடி மௌனம் வந்தால் அதை நிரப்ப வேண்டாம்.

நாலைந்து பேரை ஒன்றாக இருத்திப் பதிவு செய்வது கலகலப்பாக இருக்கும், ஆனால் எழுத்தில் இறக்கும்போது யார் பேசியது என்று தெரியாது. உரத்த குரல்காரரின் நினைவே எல்லோருடையதாகவும் ஆகிவிடும். முதலில் தனித்தனியே பதிவு செய்து, கடைசியில் ஒரு நாள் எல்லோரையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டம் படங்களில் முகம் கண்டுபிடிக்கப் பயன்படும்.

வெளிநாட்டில் உள்ளவரோடு வட்ஸ்அப்பில் பேசும்போது, அழைப்பை அப்படியே பதிவு செய்தால் குரல் உடைந்து வரும். அந்தப் பக்கத்தில் பேரப்பிள்ளை யாராவது இன்னொரு தொலைபேசியை அவர் முன் வைத்து நேரடியாகப் பதிவு செய்யட்டும். நீங்கள் இந்தப் பக்கம் பதிவு செய்யுங்கள். இரண்டு கோப்பையும் பிறகு பொருத்தலாம். தொடக்கத்தில் ஒரு தரம் கை தட்டினால் பொருத்துவது இலகு. ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். இங்கே மாலை ஆறரை என்றால் கோடையில் அங்கே காலை ஒன்பது. அதுதான் சரியான நேரம்.

ஆண்டைக் கண்டுபிடித்தல்

இதில்தான் கூடுதலான பிழை நடக்கிறது. மனிதர் ஆட்டத்தை மறக்க மாட்டார்கள், ஆண்டை மறப்பார்கள். "எழுபத்தெட்டோ எண்பதோ" என்பதை அப்படியே எழுதாமல், ஊருக்கே தெரிந்த நிகழ்வுகளுக்கு முன்னா பின்னா என்று கேட்டு நெருக்குங்கள். இந்த மைல்கற்கள் குடாநாட்டில் எல்லோருக்கும் பொது:

1974 ஜனவரி, யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. 1975 ஜூலை 27, மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலையில் கொல்லப்பட்டது. 1981 மே 31, ஜூன் 1, யாழ் நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1983 ஜூலை இனக்கலவரம். 1987 ஜூலை இந்திய இலங்கை ஒப்பந்தம், ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை, 1990 மார்ச்சில் அவர்கள் வெளியேறியது. 1990 ஜூன், மீண்டும் போரும் மின்சாரம் இல்லாத காலமும். 1995 இடப்பெயர்வு, 1996 ஏப்ரலில் வலிகாமத்துக்குத் திரும்பியது. 2002 பெப்ரவரி போர்நிறுத்தம், ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறப்பு. 2006 ஓகஸ்ட் 11, பாதை மூடல்.

"லைற் இருந்ததோ?" என்ற ஒரு கேள்வியே 1990 களின் முற்பாதியைப் பிரித்துக் கொடுத்துவிடும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நினைவு வந்தால் அது அந்தக் காலம்தான். உலகக் கிண்ணங்களும் உதவும்: மரடோனாவின் 1986 க்கு முன்னா பின்னா என்று கேட்டால் உதைபந்தாட்ட ரசிகருக்குச் சட்டென்று விடை வரும். இவற்றோடு வீட்டு நிகழ்வுகளையும் பின்னுங்கள். "அப்ப மூத்த மகள் பிறந்திட்டாவோ?" என்றால் பிறப்புச் சான்றிதழில் ஆண்டு இருக்கிறது.

விளையாட்டின் விதிகளும் சாட்சி சொல்லும். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கிண்ணத்தில்தான் முதலில் வந்தன. 1965 ஆட்டத்தில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கியதாகக் கதை வந்தால் ஆண்டு பிழை, அல்லது நடுவர் கையைக் காட்டி வெளியேற்றியது பின்னாளில் அட்டையாக மாறியிருக்கிறது. தன் அணி வீரர் காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையில் எடுக்கக்கூடாது என்ற விதி 1992 இல் வந்தது. ஊர்ப் போட்டிகளுக்கு இவை சில காலம் பிந்தியே வந்திருக்கும் என்பதால், "இதற்கு முன் இல்லை" என்று சொல்லவே இவை உதவும். இதே ஆண்டு என்று சொல்ல உதவாது.

கையில் கிடைக்கும் காகிதத்திலும் தடயம் உண்டு. சான்றிதழில் ஆங்கிலத்தில் சிலோன் என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே 22 க்கு முன்னையது. பழைய படிவங்களைச் சில காலம் தொடர்ந்து பாவித்திருக்கவும் கூடும். போட்டித் துண்டுப்பிரசுரத்தில் "புதிய நேரம்", "பழைய நேரம்" என்று அடித்திருந்தால் அது 1996 க்கும் 2006 க்கும் இடையிலாக இருக்கும். நாட்டின் கடிகாரத்தை 1996 இல் முன்தள்ளி, 2006 ஏப்ரலில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது.

புகைப்படங்கள்

படத்தின் முன்பக்கத்தைப் பார்க்கமுன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்ரூடியோ முத்திரை, மை எழுத்து, நெகற்றிவ் இலக்கம் எல்லாம் அங்கே இருக்கும். பின்பக்கத்தையும் ஸ்கான் செய்து, முன்பக்கத்தோடு ஒரே எண்ணில் வைக்க வேண்டும்.

அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படங்களுக்கு 1200. நெகற்றிவ் கிடைத்தால் அதுதான் புதையல். 35 மில்லிமீற்றர் நெகற்றிவ்வுக்கு 3200 டிபிஐயும், நெகற்றிவ் ஸ்கான் செய்யும் ஒளிமூடியுள்ள ஸ்கானரும் வேண்டும். 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படம் 600 டிபிஐயில் டிஃப் (TIFF) வடிவில் சுமார் 26 மெகாபைற் வரும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிறத்திலேயே ஸ்கான் செய்யுங்கள். மஞ்சள் பூத்த இடமும் பேனாக் குறியும் அப்போதுதான் பிரிந்து தெரியும். டிஃப் கோப்பைத் தொடாமல் வைத்து, அதிலிருந்து ஜேபெக் பிரதி எடுத்து ஆட்களுக்கு அனுப்புங்கள். ஸ்கானர் தானாக நிறம் திருத்தும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது ஜேர்சியின் நிறத்தையே மாற்றிவிடும், பிறகு "நாங்கள் நீலமே போட்டதில்லை" என்ற வாக்குவாதம் வரும்.

ஸ்கானர் இல்லாவிட்டால், கதவோரம் நேர் வெயில் படாத இடத்தில் படத்தை வைத்துத் தொலைபேசியால் எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம். தொலைபேசி படத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். நான்கு ஓரமும் சட்டத்துக்குள் வர வேண்டும். பளபளப்பு விழுந்தால் உங்கள் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள், ஒளித்தெறிப்பு போய்விடும். வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். பத்து வருடம் கழித்து ஒரு முகத்தைப் பெருப்பித்துப் பார்க்க வேண்டி வரும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும்.

இனி, எவை நாசமாக்கும் என்பது. 1980, 90 களின் ஒட்டும் பக்க அல்பங்களில் பசை இறுகியிருக்கும். படத்தை மூலையில் பிடித்து இழுத்தால் நடுவில் முறியும். முதலில் பக்கத்தை முழுதாக ஸ்கான் செய்யுங்கள். கழற்றியே ஆகவேண்டுமானால் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் விட்டு, மெல்ல அறுப்பதுபோல் கொண்டு போகலாம். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கழற்ற முயலவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். லமினேற் செய்வது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது சூட்டில் ஒட்டுவது, பிறகு பிரிக்க முடியாது, ஈரம் உள்ளே புகுந்தால் வெளியே வராது. கிழிந்த படத்துக்கு செலோரேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சள் கறையே மிஞ்சும். ஈரமான படத்தை வெயிலில் காயவைத்தால் சுருளும்; நிழலில் வலைத்துணியின்மேல் முகம் மேலே பார்க்கக் காயவிட வேண்டும்.

முகங்களுக்குப் பெயரிட, பிரதியின்மேல் எண் போடுங்கள். நிற்பவர்களை இடமிருந்து வலமாக 1, 2, 3, இருப்பவர்களை அதன் தொடர்ச்சியாக. மூலப்படத்தில் ஒருபோதும் பேனா படக்கூடாது. குறைந்தது மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டு, யார் எந்தப் பெயர் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். பின்னால் நிற்கும் பார்வையாளர் கூட்டத்துக்கும் எண் போடுங்கள். அணிப்படத்தின் ஓரத்தில் சைக்கிளோடு நிற்கும் பையன்தான் இன்று நீங்கள் தேடும் ரசிகர்.

படத்தின் ஆண்டை மதிப்பிட: கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட 32 துண்டுப் பந்து 1970 உலகக் கிண்ணத்தோடு பரவியது, ஆகவே அந்தப் பந்து இருந்தால் படம் பெரும்பாலும் 1970 க்குப் பிறகு. நாடா கட்டிய தோல் பந்து அதற்கு முன்னைய தலைமுறை. தொடை தெரியும் கட்டைக் காற்சட்டை 80 கள் வரை, முழங்கால் தொடும் தொளதொளப்பு 90 களில். படத்தின் மூலையில் செம்மஞ்சள் இலக்கத்தில் திகதி இருந்தால் உடனே நம்ப வேண்டாம். கமெராவில் ஆண்டைச் சரியாக வைக்காதவர்கள் ஏராளம். யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் எடுத்த படமாயின் பின்னணியைப் பாருங்கள். புதுப்பித்த அரங்கு 2016 ஜூன் மாதத்தில்தான் திறக்கப்பட்டது. சட்டை இலக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் நெகற்றிவ்வைப் புரட்டி அச்சடித்திருக்கிறார்கள். ஸ்கானில் திருப்பி, திருப்பியதைக் குறித்து வையுங்கள்.

வீடியோ கசற்

80 களின் பிற்பகுதியிலிருந்து இறுதியாட்டங்களைக் கலியாண வீடியோக்காரரே எடுத்துக் கொடுத்ததுண்டு. வீடியோ பதியும் முறை நாட்டுக்கு நாடு வேறு: இலங்கையும் பிரித்தானியாவும் பால் (PAL) முறை, கனடா என்ரிஎஸ்சி (NTSC) முறை. ஊரில் பதிந்த கசற்றைக் கனடாவில் உள்ள பழைய பிளேயரில் போட்டுவிட்டு "கசற் பழுது" என்று எறிந்துவிடுகிறார்கள். எறிய விடாதீர்கள், பன்முறை பிளேயர் வைத்திருக்கும் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் வரும்.

கசற்றின் கண்ணாடிச் சாளரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது, நாடாவும் போகும், பிளேயரின் தலையும் போகும், அடுத்து போடும் கசற்றிலும் ஒட்டும். துப்புரவாக இருந்தால், ஒரு தரம் முழுதாக முன்னோக்கி ஓட்டி, பின்னோக்கி ஓட்டிவிட்டு, ஒரே ஓட்டத்தில் பதிவெடுங்கள். முக்கியமான கசற்றில் "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று பரீட்சித்துப் பார்ப்பது ஆபத்து. நாடா கடைசியாக ஓடும் தடவை அதுவாகவும் இருக்கலாம். ஆட்டம் முடிந்தபின் வரும் பரிசளிப்பு உரைகளை வெட்ட வேண்டாம். யார் தலைமை, யார் கிண்ணம் கொடுத்தது, யாருடைய ஞாபகார்த்தம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கிண்ணமும் ஜேர்சியும்

கிண்ணத்தைப் பிராசோ போட்டு மினுக்காதீர்கள். பூச்சு மெல்லியது, வெட்டெழுத்தும் ஆழமில்லை. ஒவ்வொரு மினுக்கலுக்கும் எழுத்து தேயும். இருட்டறையில் ரோச் ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படமெடுத்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலாக எழும்பும். ஜேர்சியைத் தோய்க்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம், இலக்கம் வெடித்து உதிரும். முன், பின், உள் லேபல் மூன்றையும் எடுத்து, மடிப்பில் வெள்ளைப் பருத்தித் துணி வைத்துச் சுருட்டி வையுங்கள். கறையான் அரித்த காகிதக் கட்டு வந்தால் மற்றக் காகிதங்களோடு சேர்க்கமுன், பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஆழ்உறைவுப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியில் எடுத்ததும் பையை உடனே திறக்காமல் ஒரு நாள் விடவேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து ஈரமாகும்.

பத்திரிகையோடு ஒப்பிடுதல்

ஈழநாடு 1959 இல் தொடங்கியது, உதயன் 1985 இல். வீரகேசரியும் தினகரனும் 1930 களிலிருந்து இருக்கின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பத்திரிகைகளும் விழா மலர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கழகத்தின் பெயரை மட்டும் தேடாமல், சனசமூக நிலையத்தின் மலர், பாடசாலை மலர், கோயில் மலர் என்று தேடுங்கள்; கழகச் செய்தி அவற்றின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும். விளம்பரம் கொடுத்த கடைகளின் பெயர்களும் மைதானத்தைச் சுற்றியிருந்த உலகத்தைக் காட்டும். ஞாயிறு ஆட்டத்தின் செய்தி செவ்வாய், புதனில்கூட வந்திருக்கலாம். ஒரு வாரத்து இதழ்களையாவது புரட்டாமல் "செய்தி இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

பத்திரிகை 2:1 என்கிறது, மூன்று ரசிகர்கள் 3:1 என்கிறார்கள் என்றால் என்ன செய்வது? முடிவைப் பத்திரிகைப்படி எழுதி, ரசிகர் சொன்னதையும் அவர் பெயரோடும் சொன்ன திகதியோடும் கீழே எழுதுங்கள். மூன்று பேரும் ஒரே பிழையைச் சொல்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்: நடுவர் மறுத்த ஒரு கோலை ஊர் இன்றுவரை கோலாகவே கணக்கிட்டுக்கொண்டிருக்கலாம். அதுவும் கழகத்தின் வரலாறுதான். அழித்து ஒழுங்குபடுத்தினால் அந்தக் கோல் முழுதாகவே காணாமல் போகும்.

போர்க்காலப் படங்கள்

இங்கே அவசரப்படக்கூடாது. 80, 90 களின் அணிப்படத்தில் இருப்பவர்களில் ஆயுத இயக்கங்களுக்குப் போனவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், இன்னும் வழக்கோ விசாரணையோ உள்ள குடும்பத்தினர் இருக்கலாம். படத்தைச் சேகரிக்கலாம், பெயரை உள்குறிப்பில் எழுதலாம். பொதுவில் பெயரோடு வெளியிடமுன் அந்தக் குடும்பத்திடம் போய்க் கேட்க வேண்டும். தாய் ஒருவர் "வேண்டாம் தம்பி" என்றால் அத்தோடு நிற்கட்டும். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்: சேமித்து வைக்கலாமா, ஊருக்குக் காட்டலாமா, இணையத்தில் போடலாமா, பெயர் போடலாமா என்று நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. பதிவிலும் அதைக் குரலில் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. சாதி, சமயம், ஊர்ச்சண்டை பற்றி ஒருவர் கோபத்தில் சொன்னது பதிவாகியிருந்தால் அவரே மறுநாள் வருந்துவார். பிரதியை வெளியிடமுன் அவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். ஊரில் யாருக்கு மைதானத்துக்குள் இறங்க இடம் கொடுக்கப்படவில்லை என்று ஒருவர் அமைதியாகச் சொன்னால், அதை மட்டும் மெருகூட்டி எழுதிவிட வேண்டாம். அவர் சம்மதித்தால் அவர் சொற்களிலேயே வரட்டும்.

பெயரிடலும் பிரதிகளும்

கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும்: 1986-08-00_இறுதியாட்டம்_படம்-014_முன். தெரியாத இடத்துக்குப் பூச்சியம். நிச்சயமில்லாத ஆண்டுக்கு 198x. அப்படிப் போட்டால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிவிடும். இதற்கு ஒரு விரிதாள் வேண்டும். நிரல்கள் ஆறு போதும்: எண், என்ன பொருள், யாரிடமிருந்து, எப்போது வாங்கியது, ஆண்டும் அதற்கான ஆதாரமும், ஒப்புதல் அளவு. "ஆதாரம்" நிரல்தான் பலர் விடுவது. எதை வைத்து 1986 என்று எழுதினோம் என்று இரண்டு வருடத்தில் யாருக்கும் தெரியாமல் போகும்.

மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில். கழகத்தின் கணினி, ஒரு வெளிவன்தட்டு, வெளிநாட்டுக் கிளையில் இருப்பவரின் வன்தட்டு என்றால் சரி. பென் ட்ரைவ் கொண்டுசெல்ல மட்டும். முகநூல் குழுவில் ஏற்றியதைப் பிரதியாகக் கணக்கெடுக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை, கழக ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்திய வாரத்தில், ஒவ்வொரு வன்தட்டிலும் பத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

வாங்கிய மூலப்படங்களை இரண்டு வாரத்துக்குள் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஏ4 அளவில் ஒரு நல்ல அச்சுப் பிரதியும், அவர் பேசிய பதிவு உள்ள பென் ட்ரைவும் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள். பிரதியைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் "எங்களிட்டையும் ஒண்டு கிடக்கு" என்று அடுத்த அல்பத்தை எடுத்துவருவது வழக்கம் என்பதால், ஸ்கானரையும் வெற்று ஒப்புதல் படிவங்கள் ஐந்தையும் திருப்பிக் கொடுக்கும் நாளிலும் பையில் வைத்திருங்கள்.